எண்ணெய் எங்கே நின்றுபோகிறது? – செயின்சா பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நாலு கடிதம் செயின்சா (எஞ்சினில் ஓடுகிற, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்) பற்றியே. மாசி, பங்குனி என்றால் பர்மாவின் மோன் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் முதிர்ந்த மரங்களை வெட்டிச் சாய்க்கிற காலம், மழை இறங்குவதற்குள் நிலத்தைச் சுத்தம் பண்ணிக் கன்று நடத் தயாராக இருக்கணும். முடோனிலிருந்து வந்த கடிதத்துக்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். அதில் சொல்லியிருக்கும் கோளாறு ஊருக்கு ஊர் வருகிறது, அதற்காகத் தேவையில்லாமல் பம்ப் வாங்கிப் பணத்தைக் கரைத்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் வயது 24. பெரியப்பாவின் ரப்பர் தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்கிறோம். எங்களிடம் இருப்பது 58 சிசி சைனா செயின்சா, 20 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புத் தகடு). ஒரு வாரமாகப் பாருக்கு ஆயில் வரவில்லை. பார் சூடேறிப் புகைகிறது, ஓரமெல்லாம் நீலமாகிவிட்டது. ஆனால் ஆயில் டாங்கி நிறைந்தே இருக்கிறது. மோட்டார்சைக்கிளிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைத்தான் ஊற்றுகிறோம். கடையில் பம்ப் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். மாற்றலாமா? – வாசகர், முடோன்

பதில்: தம்பி, முதலில் மிஷினை நிறுத்துங்கள். பாருக்கு மேலே கையால் ஆயில் ஊற்றி ஊற்றி இன்னும் பத்து மரம் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் இரும்போடு இரும்பு உரசும்போது நடுவில் எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் சில நிமிஷத்தில் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், இனி அந்த இடம் சீக்கிரம் தேயும். செயினும் சூட்டில் நீண்டு தொங்கும், தொங்குகிற செயின் எந்த நேரத்திலும் காடியை (பாரின் விளிம்பில் செயின் ஓடுகிற பள்ளத்தை) விட்டுக் கழன்று ஆள் பக்கம் அடிக்கும்.

பம்ப்பை இப்போதே வாங்காதீர்கள். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எடுத்த எடுப்பில் மோட்டாரையா கழற்றுவோம்? வாய்க்கால் ஓரமாக நடந்து எதுவரைக்கும் ஈரம் இருக்கிறது என்று பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான். ஆயில் டாங்கிக்குள்ளே ஒரு சின்ன ஃபில்டர், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாய் போய்ச் சேருகிற இடம் பம்ப், பம்ப்பைச் சுற்றுவது கிளட்ச் பக்கத்தில் இருக்கிற வார்ம் கியர் (திருகு மாதிரிப் பல் உள்ள சக்கரம்), பம்ப்பிலிருந்து வெளியே வருகிற ஆயில் பார் உட்காருகிற இடத்தில் ஒரு சிறு வாயில் எட்டிப்பார்க்கும், அங்கிருந்து பாரில் இருக்கிற துளை வழியாகக் காடிக்குள் இறங்கும், காடிக்குள் ஓடுகிற செயின் பற்கள் அதை வாரிக்கொண்டு பாரைச் சுற்றி வரும். இவ்வளவுதான் வழி. இதில் எங்கே நின்றது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வேலை.

வழியை ரெண்டாகப் பிரிக்கிற ஒரு சோதனை இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. செயின் பிரேக்கை விடுவித்துவிட்டுப் பக்க மூடியைக் கழற்றுங்கள் (உங்கள் மாதிரி மிஷின்களில் பிரேக் பட்டை மூடியிலேயே இருக்கும், பிடித்த நிலையில் கழற்றினால் திரும்ப மாட்டவே வராது, அப்புறம் அதோடு ஒரு மல்லுக்கட்டு). பாரையும் செயினையும் எடுத்து வைத்துவிட்டு, பார் உட்காருகிற இடத்தைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். மிஷினைச் சமதரையில் வைத்து ஸ்டார்ட் செய்து, ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கிற பல்சக்கரம்) சுற்றும் அளவுக்கு மட்டும் ஆக்சிலேட்டர் கொடுங்கள். முழுசாக முறுக்க வேண்டாம், விரலை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அரை நிமிஷத்துக்குள் அந்தச் சிறு வாயில் ஆயில் பொங்கி வழியுதா என்று பாருங்கள்.

பொங்கினால் உங்கள் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு பாரில். நீங்கள் வெட்டுவது ரப்பர் மரம் என்பதால் எனக்குச் சந்தேகம் முதலில் இங்கேதான். ரப்பர் மரத்தூளில் பால் கலந்திருக்கும். அது ஆயிலோடு சேர்ந்து காடிக்குள் போய்ப் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும், ராத்திரி ஆறவிட்டுக் காலையில் பார்த்தால் வெட்டின செருப்புத் துண்டு போல இறுகிக் கிடக்கும். அதனால் வேலை முடிந்த அன்று மாலையே, பார் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுத்தம் செய்வதுதான் நல்லது. உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒரு துண்டு போதும். உங்கள் காடியின் அகலம் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர்தான், பிளேடு உள்ளே தாராளமாகப் போகும். ஒரு நுனியிலிருந்து இன்னொரு நுனிக்கு இழுத்துக்கொண்டே வாருங்கள், கருப்பாகச் சுருள் சுருளாக வரும். ஆயில் துளையை ஸ்டவ் குத்துகிற ஊசியால் குத்தி எடுங்கள். துளை பாரின் ரெண்டு பக்கமும் இருக்கும், ரெண்டையும் பாருங்கள், ஒரு பக்கத்திலிருந்து வாயால் ஊதினால் காடி வழியாகக் காற்று வரணும். மாட்டும்போது பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், தேய்மானம் சமமாகும்.

இன்னொன்றும் பார்க்கணும். பார் மிஷினோடு வந்ததா, பிறகு கடையில் வாங்கியதா? வேறு மிஷினுக்கான பார் போல்ட்டில் சரியாக உட்கார்ந்துவிடும், ஆனால் அதன் ஆயில் துளை மிஷினின் வாய்க்கு நேரே வராது. ஆயில் வெளியே வந்து பாரின் முதுகு வழியாகத் தரைக்குப் போய்விடும். டாங்கி காலியாகிறது, செயின் காய்ந்தே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். உங்களுக்கு டாங்கி நிறைந்தே இருக்கிறது, அதனால் துளை அடைப்பாகவோ, பாருக்கு முன்னாலேயே நின்றுபோனதாகவோ இருக்கணும்.

சரி, பாரைக் கழற்றியும் ஆயில் பொங்கவில்லை என்றால்? அப்போதும் பம்ப்புக்கு நேராகப் போகாதீர்கள். டாங்கி மூடியைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆயில் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகணும், அதற்கு ஒரு சின்ன காற்று வால்வு வைத்திருக்கிறார்கள். அது தூசி அடைத்துவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப்பால் இழுக்க முடியாது. காலையில் பத்து நிமிஷம் நன்றாக ஆயில் வந்து அப்புறம் நிற்கிறது, மூடியைத் திறந்தால் புஸ் என்று சத்தம், மறுபடி கொஞ்ச நேரம் வருகிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், இதுதான். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் வால்வைத் தேயுங்கள். ஊசியால் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கக் கூடாது, அப்புறம் அந்த வழியாக ஆயில் கசியும்.

அடுத்தது ஃபில்டர். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கி போல வளைத்து டாங்கி வாய் வழியாக விட்டால் குழாயோடு மேலே வந்துவிடும். பழைய ஆயில் ஊற்றினவர்களின் ஃபில்டரை நான் பார்த்திருக்கிறேன், வலையே தெரியாது, கரிப் பூச்சாக இருக்கும். டாங்கியை முழுக்க வடித்து, அரை டம்ளர் மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள். அடியில் தங்குகிற மண்டியைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். குழாயையும் கையால் தடவிப் பாருங்கள், டாங்கிச் சுவரைத் தாண்டிப் பம்ப்புக்குப் போகிற இடத்தில் ரப்பர் விரிசல் விடும், விட்டால் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் வார்ம் கியரும் பம்ப்பும். இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாகணும். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்த மறுநாள் ரங்கூனில் எங்கள் தெருவே மரமாகக் கிடந்தது, வீட்டை விட்டு வெளியே வர வழி இல்லை. இரவல் வாங்கின செயின்சாவில், கிடைத்தது எது என்று பார்க்காமல், லாரியிலிருந்து இறக்கின கருப்பு ஆயிலை ஊற்றி மூன்று நாள் அறுத்தோம். நாலாம் நாள் ஆயில் நின்றது. பட்டறையில் திறந்து பார்த்து, வார்ம் கியரின் பிளாஸ்டிக் பல் மழுங்கிவிட்டது என்று புதுசு போட்டுக் கொடுத்தார்கள். அரை நாள் ஓடியது, அந்தப் பல்லும் போய்விட்டது. பிறகு வயதான கரேன் மரவெட்டி ஒருவர் பம்ப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, அதன் உள் தண்டை விரலால் சுற்றச் சொன்னார். அசையவே இல்லை. கரியும் இரும்புத் தூளும் சேர்ந்து தண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பம்ப் சுற்ற மறுக்கும்போது எஞ்சின் விடாது, நடுவில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பல்தான் உதிரும். நாங்கள் பல்லை மாற்றினோம், அதைக் கடித்துத் துப்பியதை மாற்றவில்லை. பம்ப்பை ஒரு ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், காலையில் தண்டு விரலுக்கே சுற்றியது. புது பம்ப் வாங்கவே இல்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். கிளட்ச்சைக் கழற்ற வேண்டி வரும், அதன் மரை இடதுபக்க மரை, கடிகார முள் போகிற திசையில் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பிப் பலம் காட்டினால் இறுகும், உடையும். பிஸ்டன் நகராமல் இருக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக முடிச்சில்லாத பருத்திக் கயிறு கொஞ்சம் உள்ளே விடுவார்கள். விடுவதற்கு முன் பிஸ்டனை மேல்பக்கமாக ஏற்றி, சைலன்சர் பக்கத்து வழி பிஸ்டனால் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கயிறு அந்த வழியில் மாட்டிக்கொண்டு அறுபடும். கிளட்ச் வந்ததும் வார்ம் கியரின் பல்லை நகத்தால் தடவிப் பாருங்கள். நடுவில் வழுவழு என்று பள்ளம் தட்டினால் அது போய்விட்டது. பம்ப்பின் தண்டு விரலால் சுற்ற வருகிறதா என்றும் பாருங்கள். ரெண்டில் எது போயிருந்தாலும் இன்னொன்றைச் சோதிக்காமல் மூடாதீர்கள். ஊறவைத்தும் தண்டு சுற்றவில்லை என்றால் கடைக்காரர் சொன்னது சரி, அப்போது பம்ப்பும் கியரும் சேர்த்தே வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் சோதிக்க வழி: வெட்டின அடிமரத்தின் வெளிறிய முகத்துக்கு நேராக, ஒரு சாண் தள்ளி, பாரின் மூக்கை நீட்டி வேகம் கொடுங்கள். மூக்கு மரத்தில் படக் கூடாது, பட்டால் மேல்நோக்கித் தூக்கி அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மரத்தின் மேல் ஆயில் கோடு ஒன்று விழணும். விழாவிட்டால் அறுக்கப் போகாதீர்கள். வேலை நேரத்தில் இன்னொரு கணக்கு உண்டு, பெட்ரோல் டாங்கி ஒன்று தீரும்போது ஆயில் டாங்கியும் ஏறக்குறைய தீர்ந்திருக்கணும். உங்கள் வகை மிஷின்களில் பெட்ரோல் 550 மில்லி, ஆயில் 260 மில்லி பிடிக்கிற மாதிரிதான் பெரும்பாலும் வருகின்றன, அந்த அளவு யோசித்து வைத்ததுதான். பெட்ரோல் தீர்ந்து ஆயில் அப்படியே இருந்தால் அன்றைக்கே கவனியுங்கள். உங்களுக்கு ஒரு வாரம் டாங்கி நிறைந்தே இருந்திருக்கிறது, அது முதல் நாளே சொன்ன செய்தி.

கருப்பு ஆயிலை இனி ஊற்றாதீர்கள். விலை இல்லாமல் கிடைக்கிறது என்பது தெரியும், நல்ல ஆயில் வாங்குவது இன்றைக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். ஆனால் எஞ்சினுக்குள் ஓடித் தேய்ந்த இரும்புத் தூளும் கரியும் அதில்தான் இருக்கிறது, அந்த இரும்புத் தூளைப் பம்ப் அரைக்கிறது. செயின் வாரி இறைக்கிற ஆயில் பொடித் துளியாகப் பறந்து உங்கள் முகத்திலும் கையிலும் படுகிறது, மூச்சில் போகிறது. எரிந்த ஆயிலில் சேர்கிற சில பொருள்கள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. நாள் முழுக்கச் சட்டை நனைய அதோடு நிற்பது பெரியப்பாவோ நீங்களோதான். பாருக்கென்று விற்கிற பசைத்தன்மையுள்ள ஆயில் கிடைக்காவிட்டால் புதிய எஞ்சின் ஆயில், 30 நம்பர் (ஆயிலின் தடிப்பைச் சொல்கிற SAE எண்), நம் வெயிலுக்குச் சரியாக வரும். கொஞ்சம் வேகமாகச் செலவாகும், அவ்வளவுதான்.

நீலம் பாய்ந்த பாரைப் பற்றி: ஓரங்களை விரலால் தடவுங்கள், பிசிறு இருந்தால் தட்டை அரத்தால் ராவிவிடுங்கள். செயினை மாட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், சாய்ந்து சாய்ந்து ஆடினால் காடி அகன்றுவிட்டது, அந்த பாரை வைத்துப் பிரயோசனம் இல்லை. செயினைப் புது பாரோடு சேர்த்து மாற்றுவதுதான் நல்லது.

கேள்வி: எங்கள் அம்மன் கோயில் தீமிதிக்கு விறகு அறுக்க வருஷத்துக்கு ஒரு முறை செயின்சாவை எடுக்கிறோம். நிற்கும்போது ஆயில் எல்லாம் தரையில் வடிந்துவிடுகிறது, ஓட்டும்போது சரியாக வருவதில்லை. கோயிலில் மீந்த கடலை எண்ணெயைத்தான் ஊற்றுகிறோம், அது கேடா? – விழாக் குழு இளைஞர், தட்டோன்

பதில்: வேலை முடிந்து வைத்த பிறகு பாரிலும் காடியிலும் தங்கின ஆயில் ஒரு ஸ்பூன் அளவு வடிவது சகஜம், அது கோளாறு இல்லை. டாங்கியே காலியாகிறது என்றால் குழாய் மாட்டியிருக்கிற இடமோ பம்ப்பின் ரப்பர் வளையமோ விட்டிருக்கிறது. வெயிலில் வைத்தாலும் டாங்கிக்குள் காற்று விரிந்து ஆயிலை வெளியே தள்ளும், நிழலில் வையுங்கள்.

கடலை எண்ணெய் அன்றைக்கு அறுக்க நல்லதுதான், மண்ணுக்கும் ஆளுக்கும் கெடுதல் இல்லை. பிரச்சினை நீங்கள் வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பதில். பொரித்த சட்டியின் வெளிப்பக்கத்தில் எண்ணெய் மஞ்சளாகப் பிடித்துக்கொண்டு சுரண்டினாலும் வராமல் நிற்குமே, அதுதான் பதினோரு மாதமாக உங்கள் பம்ப்புக்குள் நடக்கிறது. தீமிதி முடிந்த மறுநாளே டாங்கியை வடித்து, புதிய எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊற்றி ரெண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு வையுங்கள். இப்போது அடைத்திருப்பதற்கு முடோன் தம்பிக்குச் சொன்ன மண்ணெண்ணெய் வைத்தியம்தான், ஆனால் இதற்கு ஒரு ராத்திரி போதாது, ரெண்டு மூன்று நாள் ஊறணும். பாமாயில் ஊற்ற வேண்டாம், குளிர்ந்த காலையில் அது டாங்கிக்குள்ளேயே உறைந்து நிற்கும்.

கேள்வி: டிசம்பர், ஜனவரியில் காலை வேளையில் எங்கள் மிஷினில் ஆயில் வருவதே இல்லை, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. ஏன்? – வாசகர், தௌங்ஜி

பதில்: உங்கள் மலையூர்க் குளிருக்கு ஆயில் தடித்துப்போகிறது. கீழே சமவெளியில் நாங்கள் ஊற்றுகிற ஆயில் அங்கே காலையில் பாகு மாதிரி நிற்கும், பம்ப் இழுக்காது. குளிர் மாதங்களில் மட்டும் 10 நம்பர் ஆயிலுக்கு மாறுங்கள். மிஷினை ராத்திரி வெளிக் கொட்டகையில் விடாமல் வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்தாலே பாதி சரியாகும். அடுப்புப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், பெட்ரோல் இருக்கிறது.

கேள்வி: பெரிய மழைமரம் ஒன்றை அறுக்க 18 அங்குல பாரை எடுத்துவிட்டு 24 அங்குலம் மாட்டினேன். மூக்குப் பக்கம் காய்ந்து சூடாகிறது. பின்பக்கம் ஆயில் நன்றாகத்தான் இருக்கிறது. – வாசகர், பெகு

பதில்: பம்ப்பில் குறையில்லை, அது 18 அங்குலத்துக்கு அளந்து தருகிற ஆயிலை நீங்கள் 24 அங்குலத்துக்குப் பங்கு போடுகிறீர்கள். மிஷினின் அடிப்பக்கம், கிளட்ச் பக்கமாக, ஆயில் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கிறதா பாருங்கள், சில சின்ன மிஷின்களில் இருக்காது. இருந்தால் முழுசாகத் திறந்துவிட்டு முதல் கடிதத்தில் சொன்ன அடிமரச் சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் கோடு விழவில்லை என்றால் பழைய பாரையே மாட்டி, மரத்தை ரெண்டு பக்கமிருந்தும் அறுங்கள். செயினைத் தீட்டியும் வையுங்கள், மொட்டைச் செயின் சீவல் தள்ளாமல் மாவு மாதிரித் தூள்தான் தள்ளும், அந்தத் தூள் உள்ள ஆயிலையும் உறிஞ்சிக்கொள்ளும்.